அண்ணாச்சிக்குப் பாராட்டு விழா

"பிள்ள பொறந்து பதினோரு நாளாச்சு. குளிப்பாட்டச் சொட்டுத் தண்ணி இல்ல. நீங்க பொன்னாடைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கீயளாக்கும்!"

மனைவி பவுன் கத்தியதில் சபரியின் கையிலிருந்த இஸ்திரிப்பெட்டி ஒரு கணம் நின்றது. லேத் பட்டறையில் இரும்பைச் சீவுகிற கை, பொன்னாடையின் ஜரிகைக்குப் பயந்து மெதுவாக நகர்ந்தது.

"மெதுவாப் பேசுட்டி. அண்ணாச்சி இன்னைக்கு வீட்டுக்கு ரெண்டு குடம் இனாமாத் தாராவ."

"எவன் தண்ணிய எவன் இனாமாத் தாரது?"

உள்ளறையில் மகள் அமலா, குழந்தையின் கழுத்து மடிப்பில் பவுடரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பால் புளித்த வாடை அதையும் மீறி வந்தது.

கசார்வாடியின் இந்தத் தமிழர் தெருவில் முப்பத்தாறு வீடுகள். ஆறு வருடங்களுக்கு முன், எல்லா வீடும் பணம் போட்டு, ஆண்கள் விடுப்பு எடுத்து நின்று, பொது இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். முந்நூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. மின்கம்பியில் இருந்த காக்கைகள் உட்கார்ந்த இடத்திலேயே குளித்தன. லோஹேகாவ் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று வைப்பர் போட்டுக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். விமானி இதுவரை மறுக்கவில்லை. அன்றிலிருந்து எந்த மே மாதத்திலும் அந்தக் கிணறு வற்றியதில்லை. வற்றியதெல்லாம் தெருக் குழாய்கள்தான்.

சங்கத் தலைவர் சின்னதுரை அண்ணாச்சி முன்பெல்லாம் மாதச் சந்தாவுக்கு வீடு வீடாக நடப்பார். பத்து ரூபாய் கொடுக்கிறவர்கள் பத்துக் கேள்வி கேட்பார்கள். "போன மாசம் வாங்கின வெளக்குமாறு எங்க அண்ணாச்சி?" என்று பவுனே அவரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறாள். மோட்டார் அறைக்கு அவர் பூட்டுப் போட்டு, பக்கத்துச் சாங்வி அடுக்குமாடிகளுக்கு டேங்கரில் தண்ணீர் விற்கத் தொடங்கியதும் சந்தா நின்றது. பத்து ரூபாய் மிச்சம் என்று தெரு மகிழ்ந்தது. பத்து ரூபாயோடு கேள்வியும் நின்றுபோனது யாருக்கும் உறைக்கவில்லை. அவருக்குத்தான் இனி யாருடைய பத்து ரூபாயும் வேண்டாமே.

நான்கு வீடுகளுக்கு மட்டும் தடித்த குழாய் கொடுத்தார். யாராவது முணுமுணுத்தால் அந்த நான்கு வீடுகளும் முதலில் குரைக்கும். மற்றவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மணி நேரம். அதிலும் பாதி நேரம் வெறும் காற்று. அது போதாதவர்கள் அண்ணாச்சியின் டேங்கருக்கே சொல்லி விடுவார்கள். அவர்களுடைய தண்ணீர் லாரியேறி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விலையோடு வாசலுக்குத் திரும்பி வரும்.

மாலையில் மோட்டார் அறை முன்னால் பந்தல். ஓரத்தில் நின்ற டேங்கர் ஒழுகியது. நாய் ஒன்று நக்கிக் குடித்தது.

"மதினி, அதுக்கு இருக்க கொடுப்பின நமக்கு இல்ல பாருங்க," என்றாள் பவுனிடம் பக்கத்து வீட்டு மல்லிகா, காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு.

சபரி பொன்னாடை போர்த்தினார். அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, தண்ணீருக்காகத் தான் பட்ட பாட்டைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மேடையில் ஈரம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

ஆரத்திக்குப் பவுனை அழைத்தார்கள். அவள் கொண்டுவந்த தட்டில் மஞ்சள்பொடி குவியலாக இருந்தது. பக்கத்தில் சுண்ணாம்பு, வெற்றிலை, கற்பூரம்.

"என்ன பவுனு, தட்டு காஞ்சு கெடக்கு?"

"தண்ணி விட்டுக் கரைக்கணும் அண்ணாச்சி. எங்க வீட்ல இல்ல. எட்டு வீட்ல கேட்டுப் பாத்தேன், அங்கயும் இல்ல."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, பயந்து அடங்கியது. சபரி தன் செருப்பையே பார்த்தார். ஆனால் அண்ணாச்சி அசரவில்லை. மைக்கிலேயே சிரித்தார்.

"இதுக்குப் போயி! அரே டிரைவர் பாய், ஏக் லோட்டா பானி தோ! நம்ம தெரு, நம்ம தண்ணி!"

டிரைவர் ஒரு செம்பு நிறையப் பிடித்து மேடைக்குக் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. தொண்டை வறண்ட ஜனத்துக்குக் கையில் மட்டும் அவ்வளவு தெம்பு எங்கிருந்து வருகிறதோ! "என்ன மனசு, என்ன மனசு" என்று ஒருவர் உருகினார். அவர் குளித்து மூன்று நாளாகியிருந்தது.

பவுன் தட்டை அண்ணாச்சியின் காலடியில் வைத்தாள். செம்பை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினாள்.

"ஏ, எங்க போற?"

"பேரப்பிள்ள ஒடம்பத் தொடைக்க, அண்ணாச்சி. ஒங்களுக்கு ஆரத்தி நாளைக்கும் எடுத்துக்கிடலாம்."

"ஏட்டி, மேடைல வச்சு மானத்த வாங்காத!" என்றார் சபரி.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் தண்ணீர் சிந்தும். செம்பிலேயே கண்ணை வைத்து, அடிமேல் அடி வைத்து நடந்தாள். பெண்கள் வரிசை வரிசையாக விலகி வழிவிட்டார்கள். மல்லிகா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். அடுத்தவள் தட்டினாள். பிறகு பெண்கள் பகுதி முழுவதும் எழுந்து நின்று, பவுன் போன திசையைப் பார்த்துத் தட்டியது.

அண்ணாச்சி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, நான்கு பக்கமும் திரும்பிக் கும்பிட்டு நன்றி சொன்னார்.