வலது மணிக்கட்டில் கடிகாரம்

எங்கள் பிரிவு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்கு அடுத்து இருக்கிறது. டாக்டர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் பதிவது என் வேலை. பக்கவாத நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பதினோரு வருஷத்தில் ஒரு நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் யார் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார் என்பது வரை எனக்கு அத்துப்படி. இங்கே எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கேலிக்கு வைத்ததுதான். நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அன்று மதியம் ஒரு தையல்காரரின் கோப்பு வந்தது. வயது ஐம்பத்தாறு. மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு, இடது கையிலும் காலிலும் பலவீனம், பேச்சு தெளிவு. நரம்பு டாக்டர் எல்லாவற்றையும் சுத்தமாக எழுதியிருந்தார், ஒன்றைத் தவிர. நோயாளிக்கு எந்தக் கைப்பழக்கம் என்று இல்லை.

அது சின்ன விஷயமில்லை. குறியீட்டின் கடைசி இலக்கமே அதை வைத்துத்தான். விழுந்த இடது கை பழகிய கை என்றால் இரண்டு, மற்றக் கை என்றால் நான்கு. டாக்டர் ஒன்றும் எழுதாவிட்டால் இடது பக்கம் விழுந்தவருக்கு நான்கு போடச் சொல்கிறது விதி. பத்துக்கு ஒன்பது பேர் வலது கைக்காரர்கள்தானே.

எங்கள் கைப்பயிற்சிப் பிரிவில் ஆறே இடம், ஐந்து நிரம்பிவிட்டது. புதிய குழு மறுநாள் காலை தொடங்குகிறது. பட்டியல் நாலு மணிக்கு என் குறியீடுகளிலிருந்து போகும். இரண்டு வாங்கியவருக்கு உடனே இடம். நான்கு வாங்கியவர் அடுத்த குழுவுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விழுந்த கை திரும்புவதற்கு அந்த முதல் மூன்று மாதம்தான் நல்ல காலம்.

நான்கைத் தட்ட விரல் போய்விட்டது. அப்போதுதான் நர்ஸின் குறிப்பு கண்ணில் பட்டது. ‘மருந்து ஏற்ற வலது கையில் ஊசி போடப்பட்டது. வலது மணிக்கட்டிலிருந்த கைக்கடிகாரம் கழற்றப்பட்டு மனைவியிடம் கொடுக்கப்பட்டது.’

வேலை செய்கிற கையில் கடிகாரம் இடிக்கும் என்று மற்றக் கையில் கட்டுகிறவர்கள்தான் அதிகம். இவரோ வலது கையில் கட்டியிருக்கிறார். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக் குறியீடு போட முடியாது. டாக்டர் எழுதாததை நான் பதிந்தால் அது பதிவு இல்லை, கட்டுக்கதை. டாக்டரிடம் கேட்கலாம், பதிலை ஊட்டக் கூடாது. ‘கைப்பழக்கம்: வலது, இடது, இரண்டும், தெரியவில்லை. குறிப்பிடவும்’ என்று அனுப்பினேன்.

அரை மணியில் பதில் வந்தது. வலது.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கட்டில் பக்கமே போகாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு டிக் போட்டிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். மணி மூன்றே கால். நர்ஸின் குறிப்பை அச்செடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனேன்.

டாக்டர் வார்டு வாசலில் நின்றிருந்தார்.

“பூதக்கண்ணாடி மேலயே வந்தாச்சா? என்ன குத்தம் கண்டுபிடிச்சீங்க?”

“குத்தம் இல்ல டாக்டர். ரெண்டு குறிப்பு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. பாத்துச் சொன்னீங்கன்னா போதும்.” நர்ஸின் வரியைக் காட்டினேன்.

“நானே நேர்ல போய்க் கேட்டேன்மா, எந்தக் கையால எழுதுவீங்கன்னு. வலதுன்னாரு. கையெழுத்துகூடப் போட்டுக் காட்டினாரு.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. மனுஷன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். நான்தான் மனசுக்குள் அநியாயமாகத் திட்டித் தீர்த்திருக்கிறேன். இருந்தாலும் அந்தக் கடிகாரம் என்னை விடவில்லை.

“எழுதுறது மட்டும்தான் கேட்டீங்களா டாக்டர்?”

அவர் நர்ஸின் வரியை இன்னொரு முறை படித்தார். “வாங்க” என்று உள்ளே நடந்தார்.

தையல்காரர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை ஒரு தலையணைமேல் கிடந்தது. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் துணிப்பையோடு. கணவரின் பெரிய கடிகாரம் அவர் கையில் தொளதொளவென்று தொங்கியது.

“துணி வெட்டுறது எந்தக் கையாலங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“இதாலதான்.” தையல்காரர் தாடையால் தலையணையைக் காட்டினார். “சின்ன வயசுல இந்தக் கையால எழுதினா வாத்தியார் முட்டியிலயே போடுவாரு. அதனால எழுதுறத மட்டும் வலதுக்கு மாத்திக்கிட்டேன். நீங்க எழுதுறதைத்தானே கேட்டீங்க?”

மனைவி பையிலிருந்து ஒரு கனத்த கத்தரிக்கோலை எடுத்தார். “இதைப் பாருங்க டாக்டர். கடையில விட்டா எவனாவது அட்டை வெட்டி முனையை மழுக்கிடுவான்னு கையோட கொண்டுவரச் சொல்லிட்டாரு.”

டாக்டர் அதை வலது கையில் வாங்கி, மேஜையில் கிடந்த வெற்றுத்தாளை வெட்டப் பார்த்தார். தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கி மாட்டிக்கொண்டது. அழுத்திப் பார்த்தார். மறுபடியும் மடங்கியது.

“இடதுகைக்காரனுக்குன்னே சொல்லிப் பண்ணினது டாக்டர். உங்க கைக்கு வராது,” என்றார் தையல்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டர் சிரித்துவிட்டார். அங்கேயே கணினியில் தேதியும் நேரமும் போட்டுத் திருத்தக் குறிப்பு எழுதினார். ‘எழுதுவது வலது கை. தொழில் உட்பட மற்ற எல்லா வேலைக்கும் இடது கை. கைப்பழக்கம்: இடது.’ எல்லா டாக்டரும் இப்படி எழுதினால் எனக்கு என்ன குறை?

மூன்று ஐம்பதுக்குக் கடைசி இலக்கமாக இரண்டைப் போட்டேன். பட்டியலில் ஆறாவது பெயர் அவருடையது.

பயிற்சிக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்குவது என் வேலை இல்லை. ஆனாலும் படிவத்தை நானே எடுத்துக்கொண்டு மேலே போனேன். தையல்காரர் வலது கையால் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

“இது பள்ளிக்கூடம் போன கைம்மா,” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அந்தக் கையாலேயே இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “சோறு போட்டது இது.”

“தெரியுங்க,” என்றேன். “உங்க கோப்புல எழுதியிருக்கு.”