எடுத்த நேரப்படி

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்கள். நல்ல மத்தியானம். வெளியே தெருவில் நடந்து போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளே, எங்கள் ஸ்டுடியோவின் பேப்பர் கட்டர் மேசையில், ஒரு தடியன் என் வீட்டுக்காரரின் பிடரியைப் பிடித்து முகத்தை அழுத்திக்கொண்டிருந்தான். அவர் மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தம் காலையில் வெட்டி வைத்த பாஸ்போர்ட் படங்கள் மேல் சொட்டியது. யாரோ ஒரு வாத்தியாரின் எட்டு முகமும் நனைந்துபோயின. அவர் சாயங்காலம் வாங்க வருவார், என்ன பதில் சொல்வது என்று அந்த நேரத்திலும் எனக்கு ஓடியது. தொழில் புத்தி போகுமா?

முந்தின நாள் ஒரு கல்யாண வரவேற்புக்குப் படம் எடுக்கப் போயிருந்தோம். நானும் அவரும், ஆளுக்கொரு கேமரா. கேக் வெட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் மேடைக்குப் பின்னால் அடிதடி ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அண்ணனுக்கு, உடைந்த பாட்டில் கிழித்து, காதிலிருந்து தாடை வரை தையல். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு முன்பல் மூன்று காலி. அந்தப் பல்லை உதிர்த்தது என் வீட்டுக்காரரின் ட்ரைபாட் ஸ்டாண்ட். பாட்டில் இருந்தது சித்தப்பாவின் கையில். இதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. எது முதலில் என்பதில்தான் வழக்கு.

"இவன் ஸ்டாண்டால என் வாயில அடிச்சான். தப்பிக்கத்தான் நான் பாட்டிலை எடுத்தேன். நீ குறுக்க வந்துட்ட, உன் மேல பட்டுடுச்சு. எல்லாத்துக்கும் காரணம் இவன்தான்டா." படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, பல் போன வாயால் சித்தப்பா, எதிரே நின்ற அண்ணன்காரனிடம் மறுபடி மறுபடி இதையே சொன்னார்.

"பொய்ங்க," என்று மேசையிலிருந்து இவர் முனகினார். "மேடையை விட்டு இறங்குங்கன்னு நீங்க சொன்னதுக்கு, பின்னால வந்து கிழிச்சது அவரு. அடுத்த குத்து கழுத்துல விழுந்திருக்கும். அதனாலதான் அடிச்சேன்."

மாப்பிள்ளையின் அண்ணன் முகத்தில் பாதி பேண்டேஜ். மீதிப் பாதியில் ஒரு சலனமும் இல்லை. பின்னாலிருந்து வாங்கிய வெட்டு, அவனுக்கே ஒன்றும் தெரியாது. "ரெண்டு கேமராப் படத்தையும் ஒரே வரிசையா வைம்மா," என்றான் என்னிடம். "இவன் முதல்ல கை வச்சிருந்தா, அந்தக் கை இவனுக்கு வேணாம்."

இன்னொரு தடியன் இவருடைய வலது கையை இழுத்து, கட்டரின் நீளக் கத்திக்கு அடியில் வைத்தான். ஒரே அமுக்கில் கட்டுப் பேப்பரை வெட்டுகிற கத்தி அது. போன மாதம்தான் சாணை பிடித்தோம்.

"போட்டோவுல என்னடா தெரியப்போகுது, முதல்ல வெட்டுடா!" என்றார் சித்தப்பா. அண்ணன்காரன் கையைக் காட்டி அடக்கினான்.

நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். என் கேமராப் படங்களுக்கு ஒரு மாதிரி பெயர், அவருடையதற்கு வேறு மாதிரி. இரண்டு ஃபோல்டரும் இரண்டு மூட்டை. எதற்குப் பின் எது என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தமாகப் பெயர் மாற்றுகிற சாஃப்ட்வேர் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு மூட்டையையும் அதில் கொட்டி, 'எடுத்த நேரப்படி' என்று கொடுத்தால், கேமரா ஒவ்வொரு படத்திலும் பதிந்து வைத்த நேரத்தைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று பெயர் வைத்துவிடும். கல்யாணம் தவறாமல் செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அன்றைக்கு அப்படித்தான் செய்தேன்.

பெயர்கள் சடசடவென்று மாறின. அண்ணன்காரன் என் தோளுக்கு மேல் குனிந்தான். மருந்து வாடை அடித்தது. ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். என் கேமராவில் எடுத்தது முதலில் வந்தது: ட்ரைபாட் ஓங்கியிருக்கிறது, சித்தப்பாவின் வாய் உடைகிறது. அதற்கு வெகு பின்னால்தான், இவர் எடுத்த படத்தில், சித்தப்பாவின் கையில் பாட்டில்.

"பாத்தியா! பாத்தியாடா!" முக்காலி உருண்டது. யாரும் ஒரு வார்த்தை சொல்வதற்குள் சித்தப்பா பாய்ந்து போய்க் கத்தியின் கைப்பிடியை அமுக்கினார்.

பேப்பர் வெட்டுகிற அதே சத்தம்தான். பிறகு என் வீட்டுக்காரர் அலறினார். அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. எழுந்து ஓடினேன். தடுத்தவனின் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தேன், அவன் என் கன்னத்தில் விட்ட அறையில் கம்ப்யூட்டர் மேசையிலேயே போய் விழுந்தேன். அவருடைய ஆள்காட்டி விரல், கேமரா பட்டனை அமுக்குகிற விரல், பாதி இல்லை.

விழுந்த இடத்திலிருந்து திரை என் மூக்குக்கு நேரே இருந்தது. பாட்டில் வைத்திருந்த சித்தப்பாவின் படம். சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. வாயில் பல் எல்லாம் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மேல் இல்லை, அவர் மேல்! எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன், கேமராக் கடிகாரத்தைச் சரி பண்ணுங்க, சரி பண்ணுங்க என்று. 'நீ பாத்துக்குவல்ல' என்பார். நானும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வித்தியாசத்தைப் பார்த்து, அவர் படங்களின் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அப்புறம்தான் பெயர் மாற்றுவேன். அன்றைக்குப் பயத்தில் அது விட்டுப்போயிற்று.

"இந்தப் படத்தைப் பாருங்க!" என்று கத்தினேன். "வாய் உடைஞ்சு ரத்தம் கொட்டினவரு, அப்புறம் எப்படிங்க வெள்ளைச் சட்டையோட நிக்கிறாரு? பல்லு திரும்ப முளைச்சுதா?"

அண்ணன்காரன் திரையைப் பார்த்தான். "எப்படி?"

"அவர் கேமராக் கடிகாரம் வேகமா ஓடுது. கேக் வெட்டினதை ரெண்டு பேரும் எடுத்தோம். ஒரே கத்தி, ஒரே நொடி. பாருங்க, என் படத்துல ஒரு நேரம், அவர் படத்துல பதினொரு நிமிஷம் கூட."

பெயர் மாற்றியதை ரத்து செய்தேன். அவர் படங்களுக்குப் பதினொரு நிமிடம் குறைத்தேன். மறுபடி 'எடுத்த நேரப்படி'.

இந்தத் தடவை அவனே பட்டனைத் தட்டிப் பார்த்தான். மேடையில் அவன் சித்தப்பாவிடம் ஏதோ சொல்கிறான். திரும்பி மேடைக்குப் பின்பக்கம் நடக்கிறான். முதுகுக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையில் சித்தப்பா, ஓங்கிய பாட்டில். அவன் கன்னம் பிளக்கிறது. அடுத்த குத்துக்குக் கை கழுத்தை நோக்கி இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் ட்ரைபாட்.

அவன் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "சித்தப்பா," என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. தடியன்கள் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். ஒருவன் சித்தப்பாவின் வயிற்றில் முழங்காலால் இடித்தான், மற்றவன் முடியைப் பிடித்து இழுத்து வந்து கட்டர் மேசையில் சாய்த்தான்.

"அம்மா, தாயே," என்றார் சித்தப்பா, என்னைப் பார்த்து. "பழையபடி மாத்திடும்மா. ஒரு பட்டன்தானே. தப்பா வந்துடுச்சுன்னு சொல்லும்மா."

நான் மேசைக்கு அடியில் குனிந்து, வெட்டிய பேப்பர் துண்டுகள் விழுகிற தட்டைத் துழாவினேன். வெள்ளைச் சுருள்களுக்கு நடுவே விரல் கிடந்தது, இன்னும் சூடு போகவில்லை. புது லென்ஸ் துணியில் சுற்றிக்கொண்டேன். இவர் கையைத் துண்டால் இறுக்கிக் கட்டி எழுப்பினேன்.

அண்ணன்காரன் வந்து ஷட்டரைத் தூக்கிப் பிடித்தான். "சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒட்ட வச்சிடலாம்," என்றான். கண்ணைப் பார்க்கவில்லை.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. இவரைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டுத் திரும்பி, ஷட்டரைத் தரை தொடும்வரை இழுத்து இறக்கினேன்.

"ஏன்டி?" என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெருவுல ஜனங்க போறாங்க," என்றேன். "சத்தம் வெளிய கேக்கும்."