சத்து மாத்திரை

உண்மையைவிடச் சிறந்த மருந்து உலகில் இல்லை என்று டாக்டர் வேதுல சுந்தரசிவம் மாநாடுகளில் முழங்குவார். முழங்கிவிட்டு, குண்டூருக்கு ரயிலேறி வந்ததும் நோயாளிகளிடம் பொய் சொல்லத் தொடங்குவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. குண்டூரில் ரத்தப் புற்றுநோய் வந்தவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். வந்தவரிடமே சொல்லிவிட்டால் டாக்டரை மாற்றிவிடுவார்கள்.

மிளகாய் மண்டித் தரகர் பானகாலுவை மகன் சீதாபதி கூட்டிவந்தபோதும் அப்படித்தான். கழுத்தில் எலுமிச்சை அளவில் கட்டிகள். ரத்தத்தின் பி செல்கள் என்னும் வெள்ளணுக்களில் தோன்றி மெல்ல ஊரும் வகைப் புற்று. அந்தச் செல்லை மட்டும் குறிபார்த்து அடிக்கும் மாத்திரை இருக்கிறது. தினமும் தவறாமல், ஆயுள் முழுக்க. அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு சீதாபதி கையைப் பிசைந்தான்.

"நைனாவுக்கு மட்டும் தெரிய வேணாம் சார். கேட்டாலே பாதி உயிர் போயிடும்."

"சத்து மாத்திரைன்னு சொல்லிடுவோம்," என்றார் டாக்டர், தானே கண்டுபிடித்தது போல. "லேபிளைக் கிழிச்சுடுங்க."

மற்றபடி அவர் கவனமானவர். இதயத் துடிப்பைப் பதிவெடுத்தார். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்று பானகாலுவைத் துருவித் துருவிக் கேட்டார். அதுவும் இதுவும் சேர்ந்தால் ரத்தம் எங்கே கசியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று தெரிந்த பிறகுதான் எழுதிக் கொடுத்தார்.

கட்டிகள் வற்றின. "தங்கம், பாபு, உங்க சத்து மாத்திரை. மண்டிப் படி ஏறினா மூச்சே வாங்கல," என்றார் பானகாலு.

சங்கராந்தி கழிந்து வந்தபோது கட்டிகள் திரும்பியிருந்தன.

"ஒரு நாளாவது விட்டீங்களா?"

"நரசிம்ம சாமி மேல ஆணை, ஒரு மாத்திரைகூட வீணாகல பாபு. மாசாமாசம் பாட்டில் காலியாகுது. எம்பையனக் கேளுங்க."

சீதாபதி தலையாட்டினான். பாட்டில் காலியாகத்தான் ஆயிற்று.

டாக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. நோய் மருந்தை ஏமாற்றக் கற்றுக்கொண்டுவிட்டது. மரபணுவில் ஏதோ மாறியிருக்கிறது. அதுவும் இவ்வளவு சீக்கிரம்! ஹைதராபாத் மாநாட்டுக்கு உரை எழுத உட்கார்ந்தார். பிறகு ரத்தத்தை மும்பைக்குச் சோதனைக்கு அனுப்பினார். மாற்றம் எதுவுமில்லை என்றது மும்பை. ஆய்வுக்கூடங்களின் தரம் சரிந்துவருவது பற்றி உரையில் ஒரு பத்தி சேர்த்தார்.

அடுத்த முறை பானகாலு மழிக்காத முகத்தோடு வந்தார்.

"எங்க கோட்டய்யா பாவா போயிட்டான் பாபு. என் வீட்டுக்காரியோட அண்ணன். குளிக்கப் போனவன் அப்படியே சாஞ்சுட்டான். மூளைக்குள்ள ரத்தமாம்."

"அடடா. வயசானவரா?"

"என் வயசுதான். நெஞ்சுல ஸ்டென்ட் வச்சதுலேந்து ஆளு வத்திப்போயிட்டான். ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை, அதுக்கொண்ணு இதுக்கொண்ணுன்னு தின்னும் தேறல. 'அதெல்லாம் ஒரு மாத்திரையா பாவா, எங்க டாக்டரோட சத்து மாத்திரையத் தின்னு பாரு'ன்னு நாந்தான் குடுத்தேன். தீபாவளிலேந்து ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவனுக்கு. ஒரே இலையில தின்னு வளந்தவங்க நாங்க. நான் மட்டும் முழுங்கினா தொண்டையில எறங்குமா?"

சீதாபதி எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"ஒண்ணு கேக்கணும் பாபு." பானகாலு மேசை மேல் குனிந்தார். "அதால அவனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லாவிட்டால், இந்த மனிதர் தன் உயிரை இன்னும் யார் யாருக்கோ பங்கு வைப்பார். சொன்னால், கோட்டய்யாவைக் கொன்றது எது, அதற்குச் சத்து என்று பெயர் வைத்தது யார், எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிடும். டாக்டர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

"சத்து மாத்திரைதானே, அதுல என்ன ஆகப்போகுது?" என்றார் டாக்டர். "ஆனா இனிமே யாருக்கும் தராதீங்க. பங்கு போட்டா சத்து போயிடும்."

பானகாலு பெருமூச்சு விட்டார். "மனசுல முள்ளா குத்திக்கிட்டே இருந்துச்சு. அவன் பெண்டாட்டிக்கும் முட்டி வலி, குடுக்கலாம்னு நெனச்சேன். சரி, வேணாம். பதினோராம் நாள் பெரிய கருமத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும் பாபு. உங்க மாத்திரையப் பத்தி அப்படிப் புகழுவான்."

டாக்டர் போனார். அவருக்கு முதல் வரிசையில் இலை போட்டார்கள். வடை சூடாக இருந்தது. இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.