சிவப்புப் பொத்தான்

பட்டாசுக் கம்பெனி கேட்டில் நான் வாட்ச்மேன். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வருகிறவர்கள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். தகரப் பெட்டியில் முப்பது போன்களுக்குக் காவல் இருந்தேனே தவிர, அறுபத்திரண்டு வயதுவரை ஒன்றைக்கூடத் தொட்டுப் பழகியதில்லை. மகன் செல்வக்குமாரிடம் கேட்டதற்கு, "ஒனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்றான். படிக்க வைத்ததற்குக் கிடைத்த மரியாதை.

சொல்லித் தந்தவள் ரோஜா. உள்ளே திரி செருகுகிற பிள்ளை, பத்தொன்பது வயது.

"பயப்படாதீக தாத்தா. வெடிக்கிறதெல்லாம் உள்ள கெடக்கு, இது வெடிக்காது" என்று தன் போனைக் கையில் திணித்தாள். பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் கட்.

அச்சங்குளத்தில் இருக்கும் அவள் அம்மா சுப்புத்தாய், மத்தியானம் ஒரு ரிங் விடுவாள். கட் பண்ணினால் மகள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். அதற்காக ரோஜா கேட்டுக்கு நடந்து வந்துபோனால் வேலை கெடும்.

"நீங்களே கட் பண்ணிருங்க தாத்தா. நான்தான் பண்ணுதேன்னு அம்மா நெனச்சுக்கிடட்டும்."

ஒருநாளும் நான் தவறவிட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

தீபாவளி சீசன். பதினோரு மணி வாக்கில் ஒரு ரூம் வெடித்துப் போனது. உள்ளே இருந்தது ரோஜா மட்டும். வேனில் ஏற்றிக்கொண்டு போகும்போது உயிர் இருந்தது, நான் பார்த்தேன். மற்றவர்கள் பெட்டியிலிருந்து அவரவர் போனை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்கள். வெடிச் சத்தம் அச்சங்குளத்துக்கும் கேட்டிருக்கும்; மத்தியானம் ஆகுமுன்பே ரோஜாவின் போன் அடிக்க ஆரம்பித்தது.

பச்சையை அமுக்கினால் நான் பேச வேண்டும். பெற்றவளிடம் என்னவென்று சொல்ல? கோழைப்பயல் நான். சிவப்பை அமுக்கினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தேதான் அமுக்கினேன். மறுபடி அது அடிக்கவில்லை.

"வீட்டுக்குத் தகவல் சொல்லியாச்சா?" என்று மேனேஜர் கேட்டபோது ஆமென்று தலையை ஆட்டினேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று மணிவரை ரோஜாவுக்கு நினைவு இருந்ததாம். அம்மா வந்தாச்சா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

நான்கு மணிக்குச் சுப்புத்தாய் வந்தாள். அவசரமில்லாமல், தலை சீவிப் பூ வைத்து வந்தாள்.

"ஊரே பதறிப்போச்சு மாமா. எம்மக கட் பண்ணிட்டா, அவளுக்கு ஒண்ணுமில்லன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு, சோறாக்கி வச்சிட்டு வாரேன். எங்க அவ?"

அவள் பார்வை தகரப் பெட்டிக்குப் போனது. அதில் ஒரே ஒரு போன் கிடந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இங்கனதான் இருந்துச்சா?" என்றாள். "அப்போ யாரு மாமா கட் பண்ணது?"