ஊமை மச்சான்

என் வாய்க்குப் பூட்டுப் போட ஊரில் ஆள் இல்லை என்று மாமி சொல்வார். மாமி என்றால் என் கணவரின் அம்மா, சலீமா பீவி. மீன்காரரிடம் பேரம் பேசுவது, தண்ணீர் வரவில்லை என்று நகராட்சிக்குப் போன் போட்டுக் கத்துவது, வீட்டுக்காரரிடம் வாடகையை ஏற்றாதீர்கள் என்று மல்லுக்கு நிற்பது எல்லாம் நான்தான். அப்படிப்பட்ட என்னை ஊமை என்று நம்பிக்கொண்டு ஒரு கூட்டமே இருந்தது. கழுகு விளையாடுகிற பையன்கள்தான்.

கழுகு என்பது ட்ரோன் விளையாட்டு. இரண்டு கட்டைவிரலால் ஒரு குட்டி விமானத்தை ஓட்ட வேண்டும். இடிந்த வீடுகளுக்குள் புகுந்து, ஜன்னலில் நுழைந்து, எங்கோ பதுங்கியிருக்கிற ஆளைக் கண்டுபிடித்து அவன் தலைக்கு மேல் போய் நிற்க வேண்டும். காசு கிடையாது, நடுவில் விளம்பரம் கிடையாது. இவ்வளவு நல்ல சரக்கை எவன் சும்மா கொடுக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. கத்தரிக்காய்க்கே கணக்குப் பார்க்கிற நானும் கேட்கவில்லை.

அதை எங்கள் டேப்லெட்டில் ஏற்றியவர் என் கணவர் அஷ்பாக். சிதம்பரத்தில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை அவருக்கு. விளையாட்டுக் கணக்கும் அவர் பெயரில்தான். ஆனால் அவர் ஓட்டிய கழுகெல்லாம் சுவரில் போய்தான் முட்டியது. சீக்கிரமே சலித்துப்போய் என்னிடம் தள்ளிவிட்டார். மதியத் தொழுகை லுஹர் தொழுது, சோறு போட்டு முடித்து, மாமி கண்ணயர்கிற நேரம் எனக்குக் கழுகு நேரம் ஆயிற்று.

"ஆடு, வேணாங்கல. மைக்க மட்டும் ஆன் பண்ணிடாத" என்றார் அவர். "பொம்பள கொரலு கேட்டுச்சுன்னா அவனுங்க சும்மா இருக்க மாட்டானுங்க."

அது எனக்கும் சரியென்றே பட்டது. முகம் தெரியாத ஆண்களோடு பேச எனக்கு என்ன இருக்கிறது? நான் பேசவில்லை, கேட்டுக்கொண்டே ஆடினேன். மற்றவர்கள் மைக் எல்லாம் திறந்தே கிடக்கும். வடலூரில் ஒருத்தன் வீட்டில் எப்போதும் மிக்சி ஓடும். கீரப்பாளையத்து அறிவழகன் வீட்டில் ஆடு கத்தும். அவன் காலேஜ் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தவன். அவன் அம்மா தைலம்மாளின் குரல் எனக்கு மனப்பாடம். "அறிவு, மோட்டார நிறுத்துனியாடா? தண்ணி ரோட்டுக்கு ஓடுது பாரு" என்று தினம் ஒரு தடவையாவது கத்துவார். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை, ஆனாலும் எங்கள் தெருக்காரி மாதிரி ஆகிவிட்டார்.

அறிவழகன்தான் எனக்கு ஊமை மச்சான் என்று பெயர் வைத்தான். நான் முதலிடத்துக்கு வந்த பிறகு எல்லோருமே அப்படிக் கூப்பிட்டார்கள். அந்தக் குழுவை நடத்தியவன் கேப்டன். அவன் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. பேச்சு மட்டும் அசல் கடலூர்ப் பேச்சு. எல்லோரையும் மச்சான் மச்சான் என்பான். எங்கள் வீட்டில் அந்தச் சொல் நான் அஷ்பாக்கைக் கூப்பிடுவதற்கு உள்ளது, இவன் அதை வாரி இறைப்பது எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும், "ஊமை மச்சானப் பாத்து கத்துக்கங்கடா" என்று அவன் சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஒரு நாள் அந்த விளையாட்டுக் கணக்குக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. வெளிநாட்டில் ட்ரோன் ஓட்டும் வேலை, உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம், கடலூருக்கு நேரில் வரவும் என்று. அஷ்பாக் அதைப் படித்துவிட்டு டேப்பை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவருக்கு ஏற்கெனவே இரண்டு விசா கைநழுவிப் போயிருந்தது.

"ஆடுனது நான் மச்சான். நீங்க போயி அங்க என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"போயி கத்துக்கறேன்."

லால்பேட்டையிலிருந்து அவருடைய பெரியத்தா, அப்பாவின் அண்ணன், அப்துல் ஹக் வந்திருந்தார். குவைத்தில் காலத்தை ஓட்டியவர். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "டிரைவர் விசாவுல போனவன் நானு. ஒரு நாளு ஸ்டீரிங்க தொட்டிருப்பனா? சமையக்கட்டுலதான் கெடந்தேன். விசாவுல ஒண்ணு எழுதியிருக்கும், அங்க போனா ஒண்ணு செய்வோம். நம்மூருல எவன் விசாவுல உள்ள வேலைய செஞ்சான்? போய் எறங்கறதுதான் முக்கியம்."

எல்லோரும் சிரித்தோம். எங்கள் ஊரில் அது உலகமறிந்த விஷயம். தையல் விசாவில் போய் ஆடு மேய்த்தவர் உண்டு, ஆடு மேய்க்கப் போய் கடை வைத்தவரும் உண்டு. யாரும் செத்துப்போனதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே அந்த ஆபீஸ் இருந்தது. நானும் கூடப் போனேன். கேப்டன் எழுந்து நின்று வரவேற்றான். இஸ்திரி போட்ட சட்டை, அடக்கமான சிரிப்பு. எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பயப்படுகிற மாதிரி அவனிடம் எதுவுமே இல்லை.

"ஒரு சின்ன டெஸ்ட்டு மச்சான், சும்மா ஃபார்மாலிட்டி" என்று அஷ்பாக் கையில் ரிமோட்டைக் கொடுத்தான். திரையில் கழுகு கிளம்பியது. முதல் சுவரிலேயே முட்டியது. மறுபடி கிளம்பியது, மறுபடி முட்டியது. மூன்றாம் தடவையும் அதே கதிதான். அஷ்பாக்குக்குப் பிடரி வியர்த்துவிட்டது. எனக்கோ கை பரபரத்தது. வலது பக்கம் திருப்புங்கள் மச்சான், ஜன்னல் அங்கே இருக்கிறது என்று தொண்டை வரை வந்துவிட்டது. குனிந்து பார்த்தால், புர்காவுக்கு மேல் மடியில் என் கட்டைவிரல் இரண்டும் தன்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தன. நிமிர்ந்தேன். கேப்டன் திரையைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செலக்ட்டு" என்றான், அஷ்பாக்கைப் பார்த்துச் சிரித்து.

திரும்பும்போது பஸ் பி.முட்லூரைத் தாண்டியது. என் பயம் அந்தப் பஸ்ஸில்தான் தொடங்கியது. "மூணு வாட்டி முட்டுனவர எதுக்கு மச்சான் எடுத்தான்?" என்று கேட்டேன். அவர் மடியில் மாமிக்கு வாங்கிய அல்வாப் பொட்டலம் இருந்தது. "எல்லாம் முகராசிதான்" என்றார். அன்று நான் இன்னும் சண்டை போட்டிருக்கலாம். வாய் இருந்தும் போடவில்லை. பள்ளிவாசல் தெரு முழுக்க மாமி பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார், என் மகன் விளையாடியே வேலை வாங்கிவிட்டான் என்று.

அஷ்பாக் விமானம் ஏறிப் போன புதிதில் தினமும் பேசினார். பனி விழுவதை வீடியோவில் காட்டினார், மாமி அல்லாஹ் அல்லாஹ் என்று வாயில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு போட்டோ வந்தது. தலை ஒட்ட வெட்டியிருந்தது, உடம்பில் பச்சை உடுப்பு. கம்பெனி யூனிஃபார்ம் என்று எழுதியிருந்தார். மாமி அதை எல்லோரிடமும் காட்டினார். எனக்கு அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கவே கை வரவில்லை. ஏனென்றால் அவருக்குப் பின்னால் இருந்த இடிந்த வீட்டை எனக்குத் தெரியும். அதன் மாடி ஜன்னல் வழியாக நான் எத்தனையோ தடவை கழுகை ஓட்டி உள்ளே போயிருக்கிறேன்.

ஒரு மத்தியானம் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டார். குரலே இல்லை, மூச்சுதான் இருந்தது.

"ஃபர்ஹானா, அம்மாகிட்ட சொல்லாத. இது கம்பெனி இல்ல, பட்டாளம். துப்பாக்கி குடுத்துட்டாங்க. நாளைக்கு டெஸ்ட்டு வெக்கறாங்க. ட்ரோன் ஓட்டத் தெரிஞ்சவன் பின்னாடி ரூம்ல இருக்கலாமாம். தெரியாதவன முன்னாடி அனுப்பிருவாங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் நகரவில்லை.

"வெரல எப்டி வெப்ப நீ? சீக்கிரம் சொல்லு."

"அழுத்தாதீங்க மச்சான். முட்டைய தொடற மாதிரி வைங்க. செவுத்த பாக்காதீங்க, ஜன்னல மட்டும் பாருங்க. எத பாக்கறீங்களோ அதுலதான் போயி..."

லைன் அறுந்துவிட்டது. நான் முட்டும் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த நம்பர் அதற்குப் பிறகு ஒலிக்கவே இல்லை.

கடலூருக்கு ஓடினேன். மாடி பூட்டிக் கிடந்தது. கீழே தையல்காரர் ராஜாமணி, "அவுங்க காலி பண்ணிட்டு போயி ரொம்ப நாளாச்சேம்மா" என்றார். போலீஸில் மனு கொடுத்தேன், கலெக்டர் ஆபீஸில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். பெரியத்தா தனக்குத் தெரிந்த குவைத்துக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிற மனுஷர் எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அஷ்பாக் போன பிறகு நான் கழுகைத் திறக்கவே இல்லை. கேப்டனைப் பிடிக்க வேறு வழி இல்லை என்று ஆனபோதுதான் டேப்பை எடுத்தேன். மாமி உள்ளறையில் தொழுகைப் பாயில் இருந்தார். மகன் பேசவில்லை என்றதும் அந்தப் பாயை அவர் சுருட்டுவதே இல்லை. திறந்தவுடன் கேப்டன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தது. தனியாகப் பேச வேண்டும் என்று எழுதினேன். கூப்பிட்டான். அத்தனை நாளும் தொடாத மைக்கை ஆன் செய்தேன்.

"நான் அஷ்பாக் ஒய்ஃப் பேசறேன்."

"சொல்லு தங்கச்சி" என்றான். ஆச்சரியமே இல்லை குரலில்.

"ஆடுனது அவரு இல்ல, நானு. அவருக்கு ஓட்டவே வராது. தப்பான ஆள கூட்டிட்டு போயிட்டீங்க. திருப்பி அனுப்பிருங்க." இதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நான் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

"தெரியுமே. கடலூர்லயே ஒன் வெரல பாத்தேன்."

"அப்பறம் எதுக்கு அவர எடுத்தீங்க?"

"பறக்க விடறதுக்கு நாலு பேரு இருந்தா போதும் தங்கச்சி. நடக்கறதுக்குத்தான் ஆளு பத்தல."

"உசுரோட இருக்காரா?" என்று கேட்டேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ ஒரு காரியம் பண்ணு. வேலைக்கு போன ஊமை மச்சான் ஆளையே காணோம்னு பசங்க பயந்து கெடக்கறானுங்க. ஒருத்தனும் கடலூரு வர மாட்டேங்கறான். நீ வந்து ஒரு ரவுண்டு ஆடு. நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை எழுது. மைக்க மூடிட்டு, எப்பவும் போல."

மைக்கை மூடினேன்.

நான் உள்ளே போனதும் குழுவே கூத்தாடியது. டேய் ஊமை மச்சான்டா, ஃபாரின்லருந்து ஆடறாருடா என்று கத்தினார்கள். வடலூர் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. கீரப்பாளையத்தில் ஆடு கத்தியது. என் விரல் எதையும் மறக்கவில்லை. இடிந்த வீடு வந்தது, அதே மாடி ஜன்னல். உள்ளே ஒருவன் சுவரோரம் பதுங்கியிருந்தான். படத்து ஆள்தான், எனக்குத் தெரியும், ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்காமல் மேலே போய் நின்றேன். ஜெயித்துவிட்டேன்.

"மச்சான், அங்க எப்டி இருக்கு?" என்றான் அறிவழகன்.

நல்லா இருக்கு என்று எழுதினேன்.

உடனே கேப்டன் எனக்கு மட்டும் தனியாக அனுப்பினான். "நேத்து சாப்பிட்டான்."

இரண்டே வார்த்தை. திரும்பத் திரும்பப் படித்தேன். உள்ளறையிலிருந்து மாமி, "அஷ்பாக்கா பேசறான்?" என்று கேட்டார். "சாப்பிட்டாராம் மாமி" என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் அழுதுகொண்டே சொன்னது கேட்டது. நேற்று சாப்பிட்டார் சரி, இன்றைக்கு?

திரையில் அறிவழகன் கேட்டுக்கொண்டிருந்தான். "மச்சான், கேப்டன் என்னையும் கூப்புடறாரு. எங்கம்மா வேணாங்குது. நீங்க சொல்லுங்க, நான் வரட்டா?" அவன் பின்னால் தைலம்மாள், மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

கேப்டனிடமிருந்து இன்னொன்று வந்தது. "அவனுக்கு பதில் சொல்லு. இன்னிக்கு நிலவரம் சொல்றேன்."

கீரப்பாளையம் இங்கிருந்து எட்டுகிற தூரம்தான், பஸ் போய்க்கொண்டே இருக்கிறது. மைக்கைத் திறந்து ஒரு கத்துக் கத்தினாலும் போதும், அத்தனை பேருக்கும் கேட்டுவிடும். என் வாய்க்கு ஊரே பயப்படும். யா அல்லாஹ், நான் அந்த மைக் பொத்தானையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அஷ்பாக் அன்று மூச்சு மட்டுமாகப் பேசியது மறுபடி காதில் கேட்ட மாதிரி இருந்தது.

வா மச்சான் என்று எழுதினேன்.

அறிவழகன் சந்தோஷத்தில் கூவினான். அம்மா, ஊமை மச்சானே சொல்லிட்டாரும்மா என்று அவன் வீட்டுக்குள் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் கேப்டனின் பச்சைப் புள்ளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"இன்னிக்கு தகவல் எதுவும் வரல தங்கச்சி. நாளைக்கு இதே நேரத்துக்கு வா."