வயிறு கழுவும் நாள்

ஆகஸ்ட் விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் டோக்கோ என்ற அந்தத் தீவுக் கிராமத்தில் எந்தப் பிள்ளையும் வயிறு கழுவாமல் தப்ப முடியாது. விளக்கெண்ணெய் பாட்டிலும் ஆரஞ்சுச் சாறும் மேசைக்கு வந்துவிடும். அந்த வாடை பட்டாலே யூலாலிக்குக் குமட்டும். சீ! பல்லில் ஒட்டும், நாக்கில் ஒட்டும், மூன்று நாள் ஏப்பத்தில் வரும். ஆனாலும் எல்லாரும் கொடுக்கிறார்களே என்று அவளும் தன் பிள்ளைக்குக் கொடுத்துவந்தாள்.

அன்று காலையிலிருந்தே பத்து வயது ஜெனெல் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"நெசமாவே வலிக்குதும்மா. இன்னிக்கு வேண்டாம்மா."

யூலாலி தயங்கினாள். அவள் கணவனின் அக்கா மெர்லித் விடவில்லை.

"போன வருஷம் பல்லு வலி, இந்த வருஷம் வயித்து வலியா? நடிப்பப் பாரு! வலிக்குதுன்னா உள்ள அழுக்கு இருக்குன்னு அர்த்தம். மூக்கப் பிடி, யூலாலி."

பிடித்தாள். பெற்றவளே பிடித்தாள். இரண்டு கரண்டி உள்ளே இறங்கியது.

அரை மணியில் வாந்தி, பேதி. எண்ணெய் மிதந்த வாளியை மெர்லித் எட்டிப் பார்த்து, "பாத்தியா, எவ்வளவு அழுக்கு!" என்று பூரித்தாள். மத்தியானம் வலி சட்டென்று நின்றது. "நான் சொன்னேன்ல?" என்றாள். சாயங்காலம் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது, வயிறு பலகையாய் இறுகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் குடல்வால் வெடித்திருந்தது. அறுத்து, சீழை எடுத்தார்கள்.

"மலச்சிக்கலுக்கு அந்த எண்ணெய் நல்லதுதான்," என்றார் டாக்டர். "காரணம் தெரியாத வயித்து வலிக்குக் கொடுக்கவே கூடாதும்மா. வீங்கின குடலப் போட்டு முறுக்கிட்டீங்க. பிள்ள பொழச்சதே பெருசு."

யூலாலிக்குத் தன் விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. எத்தனை சோப்புப் போட்டும் அந்த வாடை போகவில்லை.

ஐந்தாம் நாள் மெர்லித் வந்தாள். பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய பாட்டிலையும் கரண்டியையும் எடுத்தாள்.

"இத்தன ஊசி மருந்து உள்ள போயிருக்கே! கழுவி விட்டாத்தான் ஸ்கூலுக்குப் போக முடியும். மூக்கப் பிடி."

ஜெனெல் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அத்தையைப் பார்த்து அல்ல, அம்மாவின் கையைப் பார்த்து.

யூலாலி பாட்டிலைப் பிடுங்கினாள். கரண்டி வழிய ஊற்றினாள். மெர்லித்தின் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தாள்.

"வாயத் தொறங்க, மதினி. உள்ள எவ்வளவு அழுக்குன்னு பாத்துரலாம்."