திடீரென்று சார்

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே என் பாக்கெட்டுகளைக் காலி பண்ணவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஸ்பேனர், நட்டு, சாவிக்கொத்து எல்லாம் வந்தன. "அண்ணே, ஒர்க் ஷாப்பையே தூக்கிட்டு வந்திருக்கீங்களே" என்றான் டெக்னீஷியன். மெக்கானிக்கிடமே நக்கல். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

என் மகள் பட்டாணிக்கு ஐந்து வயது. கால் வலி என்று நொண்டியவளுக்கு, வயிற்று ஸ்கேனில் சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி தெரிந்தது. நரம்புத் திசுவில் வருகிற, குழந்தைகளையே பிடிக்கிற புற்றுநோயாக இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெளிவாகும் என்றார் டாக்டர். இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம்தானே. அந்த நம்பிக்கையில்தான் வந்திருந்தேன். மனைவிக்கு வெளிநாட்டில் வேலை, லீவு கிடைக்கவில்லை. பக்கத்தில் வாய்விட்டுப் பேச ஒரு ஆள் கிடையாது.

பட்டாணி குழாய்க்குள் படுத்திருக்க, அவள் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மிஷின் தகரத்தைத் தட்டுவதுபோல் தட்டியது. நடுநடுவே எங்கள் ஹெட்போனில் டெக்னீஷியன் பேசினான். அசைந்தால் படத்தில் பட்டாணிக்கு ரெண்டு தொப்புள் வந்துவிடுமாம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

பிறகு அவன் பேச்சு நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் சார். முதுகுப் பக்கம் இன்னொரு தடவை எடுத்துக்கறேன்."

அண்ணே போய் சார் வந்துவிட்டது. ஷாப்பில் நானும் இப்படித்தான். சின்ன ரிப்பேர் என்றால் வண்டிக்காரரைக் கலாய்த்துத் தள்ளுவேன். என்ஜினே போய்விட்டால் சார் போட்டுப் பேசி, நாற்காலி இழுத்துப் போட்டு, முதலாளி வந்து சொல்லட்டும் என்று நழுவிவிடுவேன். இப்போது நாற்காலியில் நான். இவ்வளவு தனியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

முடிந்ததும் அவனே பட்டாணியைத் தூக்கி இறக்கி, செருப்பும் மாட்டிவிட்டான். டாக்டர் இன்றைக்கே பார்த்துவிடுவார், எங்கேயும் போய்விடாதீர்கள் சார் என்றான். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் அவன் சொல்லக் கூடாது.

வெளியே லாக்கரில் என் போன் அடித்துக்கொண்டிருந்தது. மனைவிதான். அவளிடம் எப்போதும் எரிந்து விழுகிற ஆள் நான். வேலை நேரத்தில் ஏன்டி கூப்பிடுகிறாய் என்றுதான் ஆரம்பிப்பேன். இன்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"படம் எடுத்தாச்சும்மா. டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாரு. நீ சாப்பிட்டியாம்மா?"

செருப்பு கால் மாறியிருக்கிறது என்று பட்டாணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க என்னை இப்படிக் கேட்டதே இல்லையே" என்றாள் மனைவி. அப்புறம் அழ ஆரம்பித்தாள்.